ஒரே மலைக் காபி: பாக்கெட்டைத் தேர்வது முதல் கோப்பையில் ஊற்றுவது வரை

காபிப்பொடிக் கடையில் போய் நின்றால் முதலில் வரும் கேள்வி, "பீபெரியா, பிளாண்டேஷனா?" அடுத்தது, "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" சூடு ஆறாத பொட்டலம் கைக்கு வந்துவிடும். அந்தக் கொட்டை எந்த மலையில் விளைந்தது, எந்த மாதம் பறித்தது, யார் களத்தில் காய்ந்தது என்ற பேச்சே எழாது.

பீபெரி என்பது கொட்டையின் வடிவம். ஒரு காபிப்பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் முகத்தோடு முகம் ஒட்டி, ஒரு பக்கம் தட்டையாக வளரும். ஒன்று மட்டும் வளர்ந்தால் உருண்டுவிடும், அதுதான் பீபெரி. பிளாண்டேஷன் ஏ என்பது தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அரபிகா என்ற காபி இனத்தில், 6.65 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் தங்கும் பருமனான கொட்டை. இரண்டுமே வடிவமோ அளவோ பார்த்துத் தரம் பிரிப்பவை. ஏற்காட்டிலும் பீபெரி உண்டு, குடகிலும் உண்டு. இரண்டும் ஒரே மூட்டைக்குள் போய்விட்டால், குடிப்பவருக்கு ஏற்காடும் தெரியாது, குடகும் தெரியாது.

சிங்கிள் ஆரிஜின் காபி அந்த மூட்டையைப் பிரித்து வைக்கிறது. இந்த மலை, இந்தத் தோட்டம், இந்த அறுவடை என்று தனித்தனியாகக் கொடுக்கிறது. இதைத் தொடங்குவதற்குப் பலரும் எத்தியோப்பியக் கொட்டையையோ கொலம்பியக் கொட்டையையோ தேடுகிறார்கள். என் கருத்து வேறு. ஏற்காட்டிலிருந்தும் பழநி மலையிலிருந்தும் இறங்கும் கொட்டையைத் தலைமுறைகளாகப் பெயர் தெரியாமலே குடித்துவரும் நாம், அந்த மலைகளின் பெயரோடு முதல் பாக்கெட்டை வாங்குவதே முறை. வீட்டில் ஃபில்டரும் காபி மேல் பிரியமும் உள்ளவர்களுக்காக, முதல் பாக்கெட்டிலிருந்து முதல் கோப்பை வரை என்ன செய்வதென்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. இரண்டு உரிமைகோரல்களைப் பிரித்துப் பாருங்கள்

பாக்கெட்டில் "சிங்கிள் ஆரிஜின்" என்றும் "ஸ்பெஷாலிட்டி" என்றும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, கொட்டை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

சிங்கிள் ஆரிஜின் என்ற சொல்லுக்குக் கறாரான எல்லை இல்லை. "இந்தியா" என்று மட்டும் போட்டுவிட்டும் விற்கலாம். "சிக்மகளூர்" என்று ஒரு மாவட்டத்தைச் சொல்லலாம். ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லலாம். அந்தத் தோட்டத்திலேயே ஒரு குறிப்பிட்ட சரிவில் ஒரு வாரத்தில் பறித்த பழத்தைத் தனியாகப் பதப்படுத்தி, அதற்கு ஒரு எண்ணும் கொடுக்கலாம். அதை லாட் என்பார்கள். எல்லை சுருங்கச் சுருங்க நம்பகம் கூடும். நாட்டின் பெயரை மட்டும் போட்ட பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. தோட்டத்தின் பெயரோ, சிறு விவசாயிகள் என்றால் ஊரின் பெயரோ இருந்தால் வாங்குங்கள்.

ஸ்பெஷாலிட்டி என்பதற்கு அளவுகோல் உண்டு. பயிற்சி பெற்ற சுவைஞர்கள் ஒரே முறையில் காபி கலந்து, மணம், புளிப்பு, இனிப்பு, கனம், குடித்தபின் நாவில் நிற்கும் சுவை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். நூற்றுக்கு 80-ம் அதற்கு மேலும் வாங்கினால் ஸ்பெஷாலிட்டி என்பது உலகக் காபி வணிகத்தில் நிலைத்த வழக்கம். அதற்கு முன்பே பச்சைக் கொட்டையை 350 கிராம் எடுத்துப் பரப்பிப் பார்ப்பார்கள். கறுத்துப்போனது, புளித்துப்போனது, பூஞ்சை பிடித்தது போன்ற பெருங்குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடைசல், ஓட்டை போன்ற சிறுகுறைகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. பாக்கெட்டில் 84, 86 என்று எண் இருந்தால் அது இந்த மதிப்பெண். எண்ணே இல்லாமல் வெறும் சொல் மட்டும் இருந்தால், கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். தெரிந்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

2. மலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மத்திய அரசின் காபி வாரியம் இந்தியக் காபி விளையும் பகுதிகளைப் பெயர் சூட்டிப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் சேர்வராயன், பழநி, நீலகிரி, ஆனைமலை ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்திலிருந்து வருகிறது, அடுத்தது கேரளம்; தமிழ்நாட்டின் பங்கு மிகச் சிறியது. அதனாலேயே இங்கு விளைவதைத் தேடி வாங்கவேண்டியிருக்கிறது.

சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820-களில். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் நட்டதாகப் பதிவு. கிழக்குத் தொடர்ச்சி மலையில் தனியாக எழும்பி நிற்கும் பீடபூமி இது. தோட்டங்கள் பெரும்பாலும் 1000 முதல் 1500 மீட்டர் உயரத்தில். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அதன் நிழலில் அரபிகா நிற்கும். நான் குடித்தவரை, நன்றாகப் பதப்படுத்திய ஏற்காட்டுக் காபி ஆர்ப்பாட்டமில்லாதது. வறுத்த வேர்க்கடலை, வெல்லப்பாகு, கடைசியில் மெல்லிய எலுமிச்சைத் தோல். ஃபில்டர் காபி குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் சிங்கிள் ஆரிஜினாக இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

பழநி மலை இன்னும் சுவாரசியமானது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, ஆடலூர், பன்றிமலை என்று கொடைக்கானலுக்குக் கீழே பரந்திருக்கும் சரிவுகளில் காபி தனிப்பயிராக இருப்பது அரிது. மலைவாழை, மிளகு, பலா, ஆரஞ்சு, கல்யாண முருங்கை என்று அடுக்கடுக்கான நிழலுக்குள் காபிச்செடி நிற்கும். புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி வாழை இந்த நிலத்துக்காரர்தான். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் காபி மலையிறங்கித் தோல்நீக்கித் தரம்பிரிக்க வந்துசேரும் ஊர்களில் பட்டிவீரன்பட்டி பழையது, பெயர்பெற்றது.

நீலகிரியில் இரண்டு முகம். கூடலூர், பந்தலூர் பக்கம் தாழ்வான, மழை மிகுந்த நிலம், அங்கே காபியின் இன்னொரு இனமான ரொபஸ்டா. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் அரபிகா. ஆனைமலையில் தேயிலைக்கு நடுவே காபித் தோட்டங்கள் இருக்கின்றன. கொல்லிமலையிலும் போடி மலையிலும் சிறு சிறு காணிகளில் மிளகோடு சேர்ந்து விளைகிறது.

இவ்வளவு மலை இருந்தும் பெயர் ஏன் கடைக்கு வரவில்லை? இந்தியக் காபி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலம் உள்ளவர்கள். பழத்தைக் களத்தில் காயவைத்து மூட்டையாகக் கட்டி உள்ளூர் வியாபாரியிடம் போடுவார்கள். அவர் பத்து ஊர்ச் சரக்கை ஒன்றாக்குவார். பழுத்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறித்தவருக்கும், பச்சைக்காயோடு சேர்த்து உருவியவருக்கும் அங்கே ஏறக்குறைய ஒரே விலை. இன்னொரு காரணமும் உண்டு. காபி வாரியம் 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தபின், பல பத்தாண்டுகள் விளைந்த காபியெல்லாம் வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே போகவேண்டியிருந்தது. 1990-களில்தான் அந்த முறை விலகி, விளைவித்தவரே தன் பெயரில் விற்கும் வழி முழுதாகத் திறந்தது. இந்தியத் தோட்டப் பெயர்களைத் தாங்கிய பாக்கெட்டுகள் அதற்குப் பிறகு வந்தவை.

எல்லை தாண்டினால் கர்நாடகம். சிக்மகளூர் அருகே உள்ள பாபா பூதன் மலைக்குத்தான் இந்தியக் காபியின் தொடக்கக் கதை உரியது. 1670 வாக்கில் சூஃபி ஞானி பாபா பூதன் ஹஜ் யாத்திரை முடித்துத் திரும்பும்போது யேமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த மலையின் அரபிகா, சிக்மகளூர் அரபிகா, குடகு அரபிகா, வயநாடு ரொபஸ்டா, அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகா ஆகிய ஐந்தும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றன. சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரி மலை காட்டுக்குள் இருக்கும் காபி நாடு. சத்தியமங்கலம் காட்டின் தொடர்ச்சிதான்.

அரக்கு தனியாகப் பேசவேண்டியது. விசாகப்பட்டினத்துக்கு மேலே கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஆதிவாசி விவசாயிகள் சிறு நிலங்களில் விளைவிக்கும் காபி. அவர்களுடைய பழத்தைப் பொறுக்கி வாங்கி, பதப்படுத்துவதை ஓரிடத்தில் ஒழுங்குபடுத்தியதால் அதே மலையின் பெயர் 2017-இல் பாரிஸில் ஒரு காபிக் கடையின் பெயர்ப்பலகையாகவே ஏறியது. கொல்லிமலைக்கும் தாண்டிக்குடிக்கும் இது நடக்க முடியாதா என்று அரக்குக் காபியைக் குடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மான்சூன்டு மலபார் என்ற பெயரையும் பார்ப்பீர்கள். இது முதன்மையாக ஒரு பதப்படுத்தும் முறை. காய்ந்த கொட்டையை மங்களூர்க் கரையோரக் கிடங்குகளில் பரப்பி, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றை உள்ளே விடுவார்கள். கொட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பி, பச்சை நிறம் போய் வெளிறிய பொன்னிறமாகும். புளிப்பு ஏறக்குறைய இல்லாமல் போய், மண்ணும் மரமும் கலந்த கனமான சுவை வரும். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காக ஐரோப்பாவுக்குப் போன கொட்டைக்கு வழியில் நேர்ந்த மாற்றத்தை, நீராவிக் கப்பல் வந்தபின் கரையிலேயே செய்து காட்டிய முறை இது. பாலோடு நன்றாக இருக்கும்.

வெளிநாட்டு மலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே, சிடாமா, குஜி: பூமணமும் நாரத்தை வாசமும். கென்யா: பழச்சாறு போன்ற கூரிய புளிப்பு, எஸ்.எல்.28, எஸ்.எல்.34 ரகங்களால் பெயர்பெற்றது. கொலம்பியாவின் உய்லா, குவாதமாலாவின் அன்டிகுவா: சமனான இனிப்பு. சுமத்ரா: ஈரமாக இருக்கும்போதே தோல் நீக்கும் முறையால் வரும் கனமும் மண்வாசமும். பனாமாவின் போகேதே: 2004-இல் ஏலத்தில் உலகைத் திரும்பிப் பார்க்கவைத்த கெய்ஷா ரகம். இவற்றையெல்லாம் ஆறுமாதம் கழித்துப் பார்க்கலாம்.

3. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முதலில் தேதி. "பெஸ்ட் பிஃபோர்" உதவாது. வறுத்த தேதி இருக்கவேண்டும். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

உயரம். மேலே போகப் போக இரவு குளிரும். பழம் மெல்லப் பழுக்கும். விதை கெட்டிப்பட்டு, சர்க்கரையும் அமிலங்களும் கூடும். ஆனால் நாடு விட்டு நாடு உயரத்தை ஒப்பிடக் கூடாது. கொலம்பியா பூமத்திய ரேகையை ஒட்டியிருக்கிறது. அங்கே 1800 மீட்டரிலும் காபி வசதியாக வளரும். நம் மலைகள் வடக்கே 10 முதல் 13 பாகை வரை இருப்பவை. இங்கே 1200, 1400 மீட்டரிலேயே போதிய குளிர் கிடைத்துவிடும். 1800 இல்லையே என்று ஏற்காட்டுக் காபியைத் தள்ளிவிடுவது தவறு. நிழலும் அந்த வேலையில் பாதியைச் செய்கிறது. இந்தியக் காபி கிட்டத்தட்ட முழுவதும் நிழலில் விளைவது. வெயில் படும் தண்டைத் தேடித் துளைக்கும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு அரபிகாவின் பெரும்பகை என்பதால், இங்கே நிழலை எடுத்துவிட்டுக் காபி வளர்க்க முடியாது.

ரகம். எஸ்.795 என்ற பெயரை இந்தியப் பாக்கெட்டுகளில் அடிக்கடி காண்பீர்கள். அதன் பின்னால் ஒரு பெரும் அழிவு இருக்கிறது. இலங்கையின் கண்டி மலைகள் ஒருகாலத்தில் காபி மலைகள். தமிழ் மாவட்டங்களிலிருந்து நடந்தும் படகேறியும் போன தொழிலாளர்கள் முதலில் வேலை செய்தது காபித் தோட்டங்களில்தான்; தேயிலை பிறகு வந்தது. 1869-இல் இலைத்துரு நோய் அங்கே கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுக்குள் இலங்கையின் காபி முடிந்துபோயிற்று. அதே நோய் தென்னிந்தியாவுக்கும் பரவியது. துருவைத் தாங்கும் செடியைத் தேடும் வேலை சிக்மகளூர் மாவட்டத்துப் பாலெஹொன்னூரில் 1925-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. 1940-களில் வெளிவந்த எஸ்.795 அந்தத் தேடலின் பிள்ளை. கென்ட் ரகத்தின் சுவையும், லைபீரிகா என்ற வேறொரு காபி இனத்தின் மரபு கலந்த எஸ்.288-இன் தாங்கும் வலுவும் சேர்ந்தது. நன்றாகப் பழுக்கவிட்டுப் பறித்தால் இதில் ஒரு மசாலா வாசம் எழும். செலக்ஷன் 9, காவேரி, 2007-இல் வந்த சந்திரகிரி ஆகியவையும் பாக்கெட்டில் வரும். செலக்ஷன் 9-க்கு ஒரு பெற்றோர் எத்தியோப்பிய வழி ரகம். பழப்புளிப்பு விரும்புவோர் அதைப் பாருங்கள்.

பதம். கோப்பையில் உடனே தெரியும் வேறுபாடு இதில்தான். கழுவிய முறையில் பழத்தின் தோலைப் பல்பர் என்ற இயந்திரத்தில் உரித்து, கொட்டைமேல் ஒட்டிய வழவழப்பைத் தொட்டியில் நொதிக்கவைத்து, கழுவிக் காயவைப்பார்கள். சுவை தெளிவாக இருக்கும். மலை எதுவோ அது தெரியும். நேச்சுரல் முறையில் பழத்தை அப்படியே முழுதாக வெயிலில் உலர்த்துவார்கள். இரண்டு மூன்று வாரமாவது ஆகும். உலர்திராட்சை, பலாச்சுளை, சிலசமயம் கள்ளின் வாடை. ஹனி முறை இரண்டுக்கும் நடுவே: தோல் போகும், வழவழப்பு கொட்டையிலேயே காயும். காற்றுப்புகாத் தொட்டியில் நொதிக்கவைத்த அனேரோபிக் இப்போது பரவலாகிவருகிறது. அதில் திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனாலும் முதல் பாக்கெட்டாக அதை எடுக்காதீர்கள். நொதிப்பின் சுவை மேலெழுந்து, மலையின் சுவையை மறைத்துவிடும். பழைய இந்தியத் தரப்பெயர்களில் கழுவிய அரபிகா "பிளாண்டேஷன்", கழுவிய ரொபஸ்டா "பார்ச்மென்ட்", பழத்தோடு காய்ந்தது "செர்ரி". கடைக்காரர் "அரபிகா செர்ரி" என்றால் நேச்சுரலைத்தான் சொல்கிறார்.

வறுப்பு. லைட், மீடியம், டார்க் என்று இருக்கும். முதல் முறைக்கு மீடியம். கருக வறுத்தால் எல்லா மலையும் ஒரே மலையாகிவிடும்.

கடைசியாக, சிக்கரி. காபி–சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 49 வரை சிக்கரி இருக்கலாம், அதை மேலட்டையில் சொல்லவும் வேண்டும். சிக்கரி போட்ட காபியை நான் குறை சொல்லமாட்டேன், அதற்கென்று ஒரு சுகம் உண்டு. ஆனால் மலையைத் தெரிந்துகொள்ள வாங்கும் பாக்கெட்டில் 100 சதவீதம் காபி என்று இருக்கட்டும்.

4. எப்போது, எவ்வளவு, எப்படி வாங்குவது

காபிக்குப் பருவம் உண்டு. மாசி, பங்குனி வாக்கில் பெய்யும் பூமழையில் செடி முழுதும் மல்லிகை மணத்தோடு வெள்ளையாகப் பூக்கும். அரபிகா பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை பழமெடுப்பு. ரொபஸ்டா அதற்குப் பின்னால். ஒரே செடியில் ஒரே நாளில் எல்லாப் பழமும் பழுக்காது. நல்ல தோட்டம் அதே செடிக்கு மூன்று நான்கு முறை ஆளனுப்பும். காயவைத்து, ஓய்வில் வைத்து, தோல்நீக்கித் தரம்பிரித்து வறுப்பவர் கைக்கு வரச் சித்திரை, வைகாசி ஆகிவிடும். புதுச்சரக்கு குடிக்க விரும்பினால் மே முதல் தேடுங்கள். அறுவடை ஆண்டைக் குறிப்பிடும் கடைகள் இப்போது இருக்கின்றன, அவர்களிடம் வாங்குங்கள்.

250 கிராமுக்கு மேல் வேண்டாம். ஒரே மலையில் அரைக்கிலோ வாங்குவதைவிட இரண்டு மலையில் கால்கால் கிலோ வாங்குவது மேல். ஏன் என்று அடுத்த படியில் தெரியும். வறுத்த மறுநாளே குடிக்கவேண்டும் என்றில்லை. கொட்டைக்குள் அடைந்த கரியமில வாயு வெளியேற ஒரு வாரம் கொடுங்கள். பிறகு ஒரு மாதம்வரை உச்சத்தில் இருக்கும்.

கொட்டையாகவே வாங்குங்கள். அரைத்த பொடியின் மணம் மணிக்கணக்கில் குறையும். பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை ஒரே சீராக நொறுக்கும், கையால் சுற்றும் சிறு பர் கிரைண்டர் ஒன்று வாங்க முடிந்தால், இந்தச் செலவுகளிலேயே அதுதான் அதிகம் பலன் தருவது. மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் நிற்கும்; மாவு கசக்கும், குருணை புளிக்கும். மிக்ஸிதான் என்றால் விட்டுவிட்டு அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, நுண்பொடியை ஒதுக்கிவிடுங்கள்.

5. இரண்டு டம்ளர், பால் இல்லாமல்

ஒரு காபியைத் தனியாகக் குடித்தால் "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்ல வராது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் நாக்கு தானாகப் பேசத் தொடங்கும். சுவைஞர்கள் செய்யும் முறையையே வீட்டுக்கு ஏற்றபடி செய்யலாம். எந்தக் கருவியும் வேண்டாம்.

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி அல்லது பீங்கான் டம்ளர். ஒவ்வொன்றிலும் 11 கிராம் பொடி, ரவையைவிடச் சற்றுப் பருமனாக அரைத்தது. ஒன்றில் ஏற்காடு, ஒன்றில் பழநி அல்லது சிக்மகளூர். இரண்டுமே கழுவிய முறையில், ஒத்த வறுப்பில் இருந்தால்தான் மலை வேறுபாடு தெரியும். முதலில் காய்ந்த பொடியை முகருங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு, டம்ளருக்கு 200 மில்லி ஊற்றுங்கள். பொடி மேலே ஆடையாக மிதக்கும். தொடாதீர்கள். நான்கு நிமிடம் கழித்து மூக்கை அருகே வைத்துக்கொண்டு, கரண்டியின் பின்புறத்தால் அந்த ஆடையை மெல்லத் தள்ளி உடையுங்கள். அந்த நொடியில் எழும் மணத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும். மேலே நிற்கும் நுரையை இரண்டு கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

இப்போது கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து வாய் முழுதும் தெறிக்கவேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி. எது இனிப்பு? புளிப்பு நாக்கின் ஓரத்தில் எலுமிச்சையாகக் கூசுகிறதா, மாதுளையாக மெல்லப் படர்கிறதா? கனம் எதில்? விழுங்கியபின் தொண்டையில் நிற்பது எது? ஆற ஆற மறுபடி குடித்துப் பாருங்கள். நல்ல காபி ஆறும்போது இனிக்கும். குறையுள்ள காபி ஆறும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

பாக்கெட்டில் புளூபெரி, பெர்கமாட் என்று எழுதியிருப்பதைத் தேடி அலையாதீர்கள். அதை எழுதியவர் தனக்குத் தெரிந்த பழத்தைச் சொல்கிறார். நமக்கு நாவல்பழம் தெரியும், நார்த்தங்காய் தெரியும், பனங்கருப்பட்டி தெரியும், பலாக்கொட்டை சுட்ட வாசம் தெரியும். தோன்றுவதைத் தோன்றிய பெயரில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வீட்டில் இன்னொருவரையும் உட்காரவைத்துத் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது.

6. தண்ணீர்

கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினம் புளிப்பை அமுக்கிக் காபியைச் சப்பென்று ஆக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் தாதுவே இல்லாமல் போனால் சுவை இறங்காது, கோப்பை வெறிச்சென்று இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்களின் அளவான டி.டி.எஸ். 150 பிபிஎம் அருகே இருப்பது நல்லது. 75-க்கும் 250-க்கும் நடுவே இருந்தால் கவலையில்லை. ஆர்.ஓ. மிகக் குறைவாகக் காட்டினால், காய்ச்சி ஆறவைத்த நல்ல குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

7. ஃபில்டரில் போடும் முறை

சிங்கிள் ஆரிஜினுக்கு வி60 என்ற, வடிதாள் வைத்து ஊற்றும் கூம்பு வேண்டும் என்று சொல்வார்கள். இருந்தால் நல்லது: 15 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர், முதலில் 40 மில்லி ஊற்றி அரை நிமிடம் பொங்கவிட்டு, மீதியைச் சிறிது சிறிதாக ஊற்றி மூன்று நிமிடத்தில் முடிக்கவேண்டும். புளித்தால் அடுத்தமுறை பொடியை நுணுக்குங்கள், கசந்தால் பருமனாக்குங்கள். ஆனால் வீட்டிலிருக்கும் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரை ஓரங்கட்ட எந்தக் காரணமும் இல்லை.

ஒரு மாற்றம் மட்டும் தேவை. சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல இறக்கும், டிகாக்ஷனுக்குக் கனமும் கருமையும் கொடுக்கும். அது இல்லாதபோது தண்ணீர் சரசரவென்று இறங்கி டிகாக்ஷன் நீர்த்துவிடும். அதனால் பொடியை வழக்கத்தைவிடச் சற்று நைசாக அரைத்து, அளவையும் கூட்டவேண்டும். 30 கிராம் பொடியை மேல்பாத்திரத்தில் போட்டுத் தட்டிச் சமன்படுத்தி, குடையை மெல்ல அழுத்துங்கள். ஐம்பது மில்லி வெந்நீரை ஊற்றிப் பொடி நனைய ஒரு நிமிடம். பிறகு 150 மில்லி. பொடி அறுபது மில்லி அளவுக்குத் தன்னிடமே பிடித்துக்கொள்ளும். 140 மில்லி டிகாக்ஷன் கீழே இறங்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் இறங்கினால் அரைப்பு சரி. ஐந்து நிமிடத்தில் காலியானால் இன்னும் நைஸ் வேண்டும். அப்படியே நின்றுவிட்டால் பருமனாக்குங்கள். டிகாக்ஷனை மறுபடி சூடாக்கக் கூடாது, இரண்டாம் டிகாக்ஷனும் வேண்டாம். அதில் வருவது கசப்பு மட்டுமே.

முதலில் அந்த டிகாக்ஷனில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் சேர்த்து வரக்காப்பியாக, சர்க்கரை இல்லாமல் இரண்டு வாய் குடியுங்கள். பிறகு பாலுக்குப் போகலாம். டிகாக்ஷனும் பாலும் சரிபாதியாகத் தொடங்குங்கள். கழுவிய ஏற்காடு, சிக்மகளூர், மான்சூன்டு மலபார் எல்லாம் பாலைத் தாங்கும். ரொபஸ்டாவை இளக்காரமாக நினைக்கவேண்டாம்; கவனமாகக் கழுவிப் பதப்படுத்திய வயநாட்டு ரொபஸ்டாவோ கூடலூர் ரொபஸ்டாவோ பாலுக்குள் கொக்கோபோல நிற்கும். காஃபின் ஏறத்தாழ இரட்டிப்பு என்பதால் மாலைக்குமேல் யோசித்துக் குடியுங்கள். நேச்சுரலும் எத்தியோப்பியாவும் பாலில் புளிப்பாகத் துருத்தும். அவற்றை வரக்காப்பியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

8. மிச்சத்தை வைத்திருப்பதும், அடுத்து வாங்குவதும்

வால்வு உள்ள அதே பாக்கெட்டில், காற்றை அழுத்தி வெளியேற்றி, கிளிப் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், ஈரமும் சாம்பார் வாசமும் ஏறும். ஒரு மாதத்துக்குள் தீராது என்றால், சிறு சிறு டப்பாக்களில் பிரித்துக் காற்றுப்புகாமல் மூடி ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்த டப்பா அறைச்சூட்டுக்கு வந்தபின் திறக்கவேண்டும்.

அடுத்த பாக்கெட்டை வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். கழுவிய ஏற்காடு பிடித்திருந்ததா? அதே தோட்டத்து நேச்சுரலை வாங்கினால் பதம் என்ன செய்கிறதென்று தெரியும். அடுத்தது வேறு மலை, அதே பதம். அதற்கடுத்தது அதே மலையில் வேறு ரகம். இந்த வரிசையில் போனவர் கென்யாவையோ குஜியையோ திறக்கும்போது, அதில் எது மலையால் வந்தது, எது பதத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்வார்.

ஏற்காடும் தாண்டிக்குடியும் ஒருநாள் பயணத் தொலைவில் இருப்பவர்கள் டிசம்பரிலோ ஜனவரியிலோ போய்வாருங்கள். சில தோட்டங்கள் பார்வையாளர்களை அனுமதிக்கின்றன. பழத்தைப் பிதுக்கி அந்த வழவழப்பான சதையை ருசித்துப் பாருங்கள், இனிக்கும். களத்தில் காயும் பழத்தைக் காலை வெயிலில் யார் கிளறுகிறார்கள், மாலையில் பனிக்கு முன் யார் மூடுகிறார்கள் என்று பாருங்கள். பழமெடுக்கும் பெண்களிடம், எது பறிக்கத்தக்க சிவப்பு என்று கேளுங்கள். எந்தப் பாக்கெட்டிலும் இல்லாத விவரம் அவர்களிடம் இருக்கிறது. முன்கூட்டியே பேசிவிட்டு, அன்றைய பழமெடுப்பு மும்முரமாக நடக்கும் வேளையைத் தவிர்த்துப் போங்கள். திரும்பும்போது அவர்களிடமே கால்கிலோ பச்சைக் கொட்டை கிடைத்தால் வாங்கிவந்து, இரும்புக் கடாயில் மிதமான தீயில் கைவிடாமல் கிளறி, முதல் வெடிப்புச் சத்தம் கேட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் இறக்கி, முறத்தில் கொட்டி விசிறி ஆற்றுங்கள்.